‘குட் சிக்னேச்சர்’ வந்தால் பாதி வேலைதான் முடிந்தது

சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து பல வருஷமாக லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கிறேன். இறக்கிய கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தை டெர்மினலில் சரிபார்ப்பது பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. கட்டளைகளை ஒலிப்பாக எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஓமலூர் மாணவர்: அண்ணா, ஷா256 ஹேஷ் ஒத்துப்போனால் போதாதா?

போதாது தம்பி. ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண். கோப்பு சிதையாமல் வந்ததா என்பதை மட்டும்தான் அது சொல்லும். கோப்பும் ஹேஷும் ஒரே தளத்தில் இருந்தால், உள்ளே புகுந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவான். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் இறக்கும் இணைப்பையே மாற்றி, பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைக் கொடுத்தார்கள். கையொப்பம் போட ரகசியச் சாவி வேண்டும். அது தளத்தின் சர்வரில் இருக்கவே கூடாது. சரிபார்க்க அதன் ஜோடியான பொதுச் சாவி போதும், அதை நாம் இறக்கி வைத்துக்கொள்வோம்.

உபுண்டு என்ற லினக்ஸ் வகை, ஹேஷ், கையொப்பம் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. ஹேஷ் பட்டியல் ஒரு கோப்பு, அந்தப் பட்டியலுக்குக் கையொப்பம் இன்னொரு கோப்பு. முதலில் கையொப்பத்தைப் பாருங்கள், அப்புறம் ஹேஷ்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறைக்குக் கணக்கு எழுதுபவர்: ‘குட் சிக்னேச்சர்’ வந்ததுங்க, கூடவே ‘வார்னிங்’ என்றும் வருகிறது. நம்பலாமா?

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதாங்க. கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜி கருவிக்கு ‘ஜிபிஜி --வெரிஃபை’ என்று அடித்து, கையொப்பக் கோப்பின் பெயர், அடுத்து மூலக்கோப்பின் பெயர், இரண்டையும் கொடுத்திருப்பீர்கள். (இரண்டையும் கொடுப்பதுதான் சரி.) ‘குட்’ என்றால், உங்களிடம் இருக்கிற ஒரு பொதுச் சாவியோடு கையொப்பம் பொருந்துகிறது, அவ்வளவே. அந்தச் சாவி யாருடையது என்று உங்கள் கணினிக்குத் தெரியாது. எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது.

கொலுசில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. அது நீங்கள் நினைக்கிற பட்டறையின் முத்திரைதானா என்று வேறு வழியில்தானே கேட்டு அறிய வேண்டும்? அதே கதைதான் இங்கேயும்.

ஒருமுறை நானே கோப்பு இருந்த அதே பக்கத்தில் கிடந்த சாவியை இறக்கி, சேர்த்து, ‘குட்’ என்று பார்த்ததும் ஒரு அலுவலக சர்வரில் நிறுவிவிட்டேன். கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று நான் சரிபார்த்தது எதையுமே இல்லை என்று ராத்திரிதான் உறைத்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அந்தச் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் நீண்ட எண்ணை, வேறிடத்தில் தேடி ஒப்பிட்டேன்.

எச்சரிக்கைக்குக் கீழே ‘பிரைமரி கீ ஃபிங்கர்பிரின்ட்’ என்று 40 இலக்கம் வரும், நான்கு நான்காகப் பிரித்து 10 கூட்டம். அதை வேறு வழியில் கிடைத்ததோடு ஒப்பிடுங்கள்: அந்தத் திட்டத்தின் பழைய அறிவிப்பு, ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் நண்பரின் கணினி, இப்படி. கடைசி 8 இலக்கத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். அதே 8 இலக்கம் வரும்படி போலிச் சாவி செய்துவிட முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

ஏற்காடு ஆசிரியை: எனக்கு ‘பேட் சிக்னேச்சர்’ என்று வந்தது. யாரோ புகுந்துவிட்டார்களா?

பதற வேண்டாம் மேடம். மலைமேல் சிக்னல் விட்டு விட்டு வரும். கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். ‘எல்எஸ் -எல்’ அடித்து அளவைத் தளத்தில் உள்ளதோடு பாருங்கள். குறைந்தால் ‘டபிள்யூகெட் -சி’ விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய பதிப்பின் கோப்புக்குப் புதிய பதிப்பின் கையொப்பத்தை எடுத்திருந்தாலும் இதே பதில்தான் வரும். இரண்டும் இல்லை, புதிதாக இறக்கியும் ‘பேட்’ என்றால் திறக்காதீர்கள். பென்டிரைவில் மற்ற வகுப்புக்கும் கொடுக்காதீர்கள்.

‘நோ பப்ளிக் கீ’ என்பது வேறு. சாவி உங்களிடம் இல்லை என்று மட்டும் பொருள்.

சூரமங்கலம் பெற்றோர்: மகளின் சாதிச் சான்றிதழ் பிடிஎஃப்பில் கேள்விக்குறி காட்டுகிறது. போலியா சார்?

கேள்விக்குறியை வைத்துப் போலி என்று சொல்ல முடியாதுங்க. நம் நாட்டுக் கையொப்பச் சான்றுகளின் வேர், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த சிசிஏ என்ற கட்டுப்பாட்டு அதிகாரியிடம் இருக்கிறது. அந்த வேரை உங்கள் மென்பொருள் அறியாவிட்டால் கேள்விக்குறி வரும். லினக்ஸில் ‘பாப்லர்-யுடில்ஸ்’ நிறுவி, ‘பிடிஎஃப்சிக்’ என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கையொப்பம் ‘வேலிட்’ என்கிறதா, ‘டோட்டல் டாக்குமென்ட் சைன்ட்’ என்கிறதா, இரண்டையும் பாருங்கள். பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்ததில் கையொப்பம் இருக்காது, மூலக்கோப்பையே வைத்திருங்கள்.

கொண்டலாம்பட்டி: சாவி காலாவதி என்கிறதே?

காலாவதிக்கு முன் போட்ட கையொப்பம் செல்லும். தேதியைப் பாருங்கள். புதுப்பித்த சாவி வெளியாகியிருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ஓமலூர் மாணவர்: கைரேகையும் சரி என்றால் பயமில்லையே அண்ணா?

யார் தந்தது என்பது உறுதி. தந்தவர் நல்லவரா என்பதைக் கையொப்பம் சொல்லாது. 2024-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. வைத்தவர் அதன் பராமரிப்பில் இடம்பிடித்தவரே, கையொப்பமும் அவருடையதுதான். சரிபார்த்தால் ‘குட்’ என்றே வரும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். உன் கணினியில் ‘எக்ஸ்இசட் --வெர்ஷன்’ அடித்துப் பார், தம்பி. அந்த இரண்டு எண்ணில் ஏதாவது வந்தால் இன்றைக்கே மாற்று.