குழு விவாதத்தில் பேச்சு வராத தம்பிக்கு

தருமபுரியில் பி.எஸ்சி. கடைசி வருடம், நல்ல மதிப்பெண், ஆனால் ஓசூர் கம்பெனித் தேர்வில் குழு விவாதத்தில் வாயே திறக்க முடியவில்லை, இதைக் கல்லூரிதானே சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம் தம்பி, கல்லூரிதான். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு வேறு யார் சொல்லித்தருவார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே 'ஜீவன் கௌஷல்' என்ற பெயரில் பேச்சுத்திறன், தலைமைப்பண்புக்கெல்லாம் பாடத்திட்டம் கொடுத்தது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. ஏட்டில் குறையில்லை. ஆனால் வகுப்பு முழுக்கப் பிபிடி ஓட்டிவிட்டுச் சரியான விடையை டிக் அடிக்கச் சொன்னால் பேச்சு வருமா?

நாலைந்து பேராகப் போய்த் துறைத்தலைவரிடம் வாரம் ஒரு பீரியட் கேளுங்கள். முதலில் தமிழிலேயே பேசுங்கள். மாங்கூழ் ஆலை விவசாயிக்கு என்ன விலை தர வேண்டும் என்பது போல் நமக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். ஒருவர் பேசியதும் அடுத்தவர், "நீங்கள் சொன்னது இது, இதில் எனக்கு ஒப்பாதது இது" என்று தொடங்க வேண்டும். காது கொடுத்துக் கேட்காதவரால் அப்படித் தொடங்கவே முடியாது. குழு விவாதத்தில் பார்ப்பதும் இதைத்தான். கூச்சம் விட்டதும் ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

பீரியட் கிடைக்காவிட்டால் மரத்தடி போதும். அடுத்த நேர்முகம் எப்போது என்று எழுதுங்கள், அதற்கேற்பத் தலைப்புகள் சொல்கிறேன்.