வாசகர் கேள்வி: ஒரே பூட்டு போதாதா?

கேள்வி: ஐயா, கல்லூரி ப்ராஜெக்டுக்காகச் சின்னதாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு (ஒரு சமயத்தில் ஒரு ப்ரோக்ராம் மட்டும் தொடலாம் என்ற ஏற்பாடு) போட்டிருந்தபோது மெதுவாகவாவது ஓடியது. ஃபோல்டருக்கு ஒரு பூட்டு என்று பிரித்த பிறகு, இரண்டு ப்ரோக்ராம் சேர்ந்து ரீநேம் செய்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பழையபடி ஒரே பூட்டுக்குப் போய்விடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. லினக்ஸும் இந்தப் பாடு பட்டதுதான். 1996-ல் வந்த 2.0 பதிப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களைச் சமாளிக்க கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முழுவதற்கும் ஒரே பூட்டு போட்டார்கள். பிக் கெர்னல் லாக் என்று பெயர். அது முற்றாக ஒழிந்தது 2011-ல், 2.6.39 பதிப்பில்தான்.

ஏன் இத்தனை வருஷம்? அந்தப் பூட்டுக்கு ஒரு விசித்திர குணம். வைத்திருப்பவன் டிஸ்குக்காகக் காத்துத் தூங்கினால் தானாகக் கழன்றுகொள்ளும். விழித்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளும். மதகுச் சாவியோடு லஸ்கர் (பாசன மதகைத் திறந்து மூடுபவர்) கண்ணயர்ந்தால் சாவி தானே அடுத்தவர் கைக்குப் போகிற மாதிரி. சாதாரண மியூடெக்ஸ் (ஒரு சமயத்தில் ஒருவருக்கே இடம் தரும் பூட்டு) அப்படியில்லை, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்கும். கடைமடைக்காரர் காய வேண்டியதுதான்.

ரெய்சர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் இந்தக் குணத்தை நம்பியே எழுதப்பட்டது. 2010-ல் வந்த 2.6.33-ல் கெர்னல் நிரலாளர் ஃபிரெடெரிக் வைஸ்பெக்கர் அதை மாற்றி, மவுண்ட் செய்த ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் தனி மியூடெக்ஸ் வைத்தார். தூங்கப் போகும் இடங்களைத் தேடித் தேடி, பூட்டை விட்டு மறுபடி எடுக்கும்படி எழுத வேண்டியிருந்தது. இடையில் மரம் (ஃபைல் விவரங்களை அடுக்கி வைத்திருக்கும் கிளை அமைப்பு) மாறியிருக்கலாம் அல்லவா, அதையும் சரிபார்க்க வேண்டும். யாரும் மாலை போடாத வேலை!

சரி, உங்கள் சிக்கல். ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை மாற்றும் ரீநேமுக்கு இரண்டு ஃபோல்டரின் பூட்டும் வேண்டும். ஒருவன் 'நெல்' ஃபோல்டரைப் பூட்டிவிட்டு 'உளுந்து'க்கு நிற்கிறான். இன்னொருவன் 'உளுந்'தைப் பூட்டிவிட்டு 'நெல்'லுக்கு நிற்கிறான். இருவருமே நகர மாட்டார்கள். சாதாரண இரட்டைப் பூட்டு என்றால் ஐனோடு எண் (ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் உள்ள அடையாள எண்) சிறியதை முதலில் பூட்டு என்ற ஒரே விதி போதும். ஆனால் ரீநேமில் ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் இருக்கலாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடமும் மாறலாம். அதனால் லினக்ஸ், ஃபோல்டர் தாண்டிய ரீநேமுக்கு மட்டும் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்றென ஒரு பெரிய பூட்டை இன்றும் வைத்திருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. ரீநேம் என்ன நிமிஷத்துக்கு நூறு தடவையா நடக்கிறது?

அப்புறம், ஃபைல் நீளத்தை எந்தப் பூட்டின் கீழ் மாற்றுகிறீர்கள் என்று எழுதவில்லையே? அந்தப் பகுதியை மட்டும் அனுப்பிவையுங்கள், பார்க்கிறேன்.