அலுவலகத் தொலைபேசி அமைப்பை வெளியிலிருந்து பயன்படுத்தக் கடவுச்சொல் மட்டும் போதுமா?

ஊழியர்கள் வீட்டிலிருந்தும் பயணத்தின்போதும் நிறுவனத்தின் பிபிஎக்ஸ் அமைப்பை, அதாவது அலுவலகத் தொலைபேசிகளைத் தமக்குள்ளும் வெளி இணைப்போடும் இணைக்கும் அமைப்பைப் பயன்படுத்த வேண்டியிருப்பதால், வலுவான கடவுச்சொல் வைத்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே, இத்தகைய அமைப்புகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் என்னுடைய பதில்.

நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லில் பெரும்பாலோர் கவனமாக இருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன்களின், அதாவது ஊழியர்களின் உள் தொலைபேசி எண்களின், கடவுச்சொல்லைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். 201 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 201 என்பதே கடவுச்சொல்லாக இருக்கும் அமைப்புகள் இன்றும் உள்ளன. இணையத்தில் இத்தகைய தொலைபேசி அமைப்புகள் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) திறந்திருக்கும் இடங்களை இடைவிடாது தேடிக்கொண்டிருக்கும் நிரல்கள், முதலில் முயன்று பார்ப்பதும் இத்தகைய சேர்க்கைகளைத்தான். இந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் ஒருமுறை பதிந்தால் போதும், யாரும் அன்றாடம் நினைவிலிருந்து அடிக்க வேண்டியதில்லை என்பதால், 20 எழுத்துகளுக்கு மேல் பொருளற்ற கலவையாக வைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. இணையம் வழி அழைப்புகளை இணைக்கும் எஸ்ஐபி நெறிமுறையில் கடவுச்சொல் அப்படியே அனுப்பப்படுவதில்லை. எம்டி5 என்ற கணித முறையில் அதிலிருந்து கணக்கிட்ட விடை மட்டுமே செல்கிறது. ஆனால் அந்தப் பரிமாற்றத்தை இடையில் பிடித்தவர், தம் கணினியிலேயே ஓசையின்றி ஊகித்துப் பார்க்க முடியும். ஆகவே இந்தப் பரிமாற்றத்தை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கும் டிஎல்எஸ் குறியாக்கத்தையும் இயக்குங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, வாய்ஸ்மெயில் (குரல்செய்திப் பெட்டி) போன்றவற்றைத் திறக்கத் தொலைபேசியில் அழுத்தும் பின் (PIN) எண்ணைத்தான். 4 இலக்கப் பின் எண்ணில் 10,000 வாய்ப்புகளே உள்ளன. மனிதர்கள் தேர்ந்தெடுப்பவை அவற்றிலும் மிகச் சில. வாய்ஸ்மெயிலுக்குள் நுழைந்தவர் அங்கிருந்தே வெளி எண்களை அழைக்கலாம் என்று அமைத்திருந்தாலோ, வெளியிலிருந்து பின் எண்ணை அழுத்தி நிறுவனத்தின் இணைப்பு வழியே வேறோர் எண்ணை அழைக்கும் 'டிசா' வசதி திறந்திருந்தாலோ, அந்தச் சில இலக்கங்களைத் தவிர வேறு காவல் கிடையாது. தேவையில்லையெனில் இவ்விரண்டையும் அணைத்துவிடுங்கள். தேவையெனில் பின் எண்ணை நீளமாக்கி, சில தவறான முயற்சிகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள்.

திருடருக்கு வேண்டியது பெரும்பாலும் உங்கள் உரையாடல் அல்ல, உங்கள் அழைப்பு நிமிடங்கள். கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் இணைப்பிலிருந்து தொடர்ந்து அழைத்து, அந்த வருவாயில் பங்கு பெறுவதே அவர்கள் வழி. அலுவலகத்தில் ஆளில்லாத இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் இது நடப்பதால், கட்டண ரசீது வரும்வரை தெரியாமலே போகலாம். அந்தத் தொகையும் பெரும்பாலும் சந்தாதாரர் தலையில்தான் விழுகிறது. எனவே வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத எக்ஸ்டென்ஷன்களில் அதை முற்றிலும் தடுத்துவிடுவதும், சேவை வழங்குநரிடம் நாளொன்றுக்கான செலவு வரம்பைக் கேட்டுப் பெறுவதும், கடவுச்சொல் தோற்றாலும் இழப்பைக் கட்டுக்குள் வைக்கும்.

நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்கவே கூடாது. விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டுமே அதை அணுகுங்கள்; இயன்றால் ஊழியர்களின் தொலைபேசிகளையும் அவ்வாறே இணையுங்கள்.

குறித்த காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லைக் கட்டாயமாக மாற்றும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பும் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியில் அதைக் கைவிடும்படியே கூறியது. ஆனால் ஊழியர் ஒருவர் விலகினால், அன்றே அவருடைய எக்ஸ்டென்ஷனையும் வாய்ஸ்மெயில் பெட்டியையும் நீக்கி, அவர் அறிந்திருந்த பொதுக் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்.