மூன்று வாடகை வீடு, அதில் ஒன்று ஜி: எதில் தொடங்குவது?

தம்பி, பிரான்ஸ் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, மாமாவின் மூன்று வாடகை வீடுகள் பொறுப்புக்கு வந்துவிட்டன, வீடு எவ்வளவு ஆற்றல் தின்கிறது என்று ஏ (நல்லது) முதல் ஜி (மோசம்) வரை வகுப்பு போடும் டிபிஇ சான்றிதழில் ஒன்று ஜி, ஒன்று எஃப், ஒன்று இ, பணத்தை முதலில் எதில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள்.

முதலில் தேதிகள். ஜி வீட்டுக்கு 2025 ஜனவரி 1 முதல் புது வாடகை ஒப்பந்தம் போட முடியாது, எஃப்புக்கு 2028, இ-க்கு 2034. ஏற்கெனவே குடியிருப்பவரை இதைக் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியாது, ஆனால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலே விதி வந்துவிடும், அப்புறம் அவர் நீதிமன்றம் போய் வகுப்பு ஏறும்படி சீரமைப்பு வேலை செய்து தரச் சொல்லலாம், வாடகையைக் குறைக்கவும் கேட்கலாம். ஜி, எஃப் இரண்டுக்கும் 2022 ஆகஸ்டிலிருந்தே வாடகை ஏற்ற முடியாது.

சான்றிதழின் தேதியையும் பாருங்கள். 2021 ஜூலைக்கு முன் எடுத்தது எதுவும் இப்போது செல்லாது. அதற்குப் பிறகு எடுத்தது, கரண்டில் சூடாகும் வீடு என்றால், 2026 ஜனவரியில், வகுப்பைக் கணக்கிட மின்சாரச் செலவைப் பெருக்கும் எண் 2.3-லிருந்து 1.9-ஆக இறங்கியதால் ஒரு செங்கல்லைக் கூடத் தொடாமல் வகுப்பு ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆதெம் என்ற அரசு ஆற்றல் முகமையின் இணையதளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம்.

இனி நான் செய்த தவறு. என்னுடையது கடைசி மாடி, இரண்டு அறை. சான்றிதழ் மோசமாக வந்ததும் பதறிப்போய் எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டேன். வகுப்பு ஏறவே இல்லை, ஏனென்றால் சூடு போனது கூரை வழியாக. அதைவிட மோசம், பழைய ஜன்னல் இடுக்கு வழியாக வந்த காற்றும் நின்றுபோய், காற்றோட்டக் கருவி இல்லாத அந்த வீட்டில் குளிர்காலம் முழுக்கச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. குடியிருந்தவர்களுக்குக் கைக்குழந்தை. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது.

கூரையும் வெளிச்சுவரும் கட்டடத்துக்குச் சொந்தம், நம் இஷ்டத்துக்குத் தொட முடியாது, உரிமையாளர் கூட்டத்தில் ஓட்டு வேண்டும். கூட்டம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான், தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. அதனால் இந்த வாரமே மூன்று கட்டடத்து சிண்டிக்கிடமும் (கட்டட நிர்வாகி) பத்து வருட வேலைத் திட்டத்தையும் கட்டடத்துக்கான பொது டிபிஇ-யையும் கேளுங்கள். கூரை வேலையோ சுவர் வேலையோ அதில் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் சேர்க்கச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்புங்கள். கூட்டம் மறுத்தாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்: நீங்கள் முயற்சி செய்தீர்கள், வீட்டுக்குள் முடிந்ததையும் செய்துவிட்டீர்கள் என்று காட்டினால், அதற்கு மேல் வேலை செய்யச் சொல்லி நீதிபதி உத்தரவிட முடியாது.

சீரமைப்பு வேலைக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன் எந்த விலைப்பட்டியலிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வேலை செய்பவரிடம் ஆர்ஜிஇ சான்று (ஆற்றல் சீரமைப்பு வேலைக்கான தகுதிச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்ஸ் ரெனோவ் என்ற அரசு வீட்டுச் சீரமைப்புச் சேவையின் ஆலோசகரைப் பார்க்கக் காசு இல்லை, மூன்று சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள்.

இ வீட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். அந்த ஜி வீடு எத்தனையாவது மாடி, இப்போது யாராவது இருக்கிறார்களா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அதை எழுதுங்கள், மேலே பேசலாம்.