பங்காரு வாய்க்காலுக்கு ஐ.நா. சட்டம் வருமா?

பாகூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் பயிரிடுகிறேன். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டும். அணைக்கட்டு தமிழகத்தில், ஏரி புதுச்சேரியில். ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும் எங்களுக்கு வந்து சேருவதில்லை. சர்வதேச நதிச் சட்டப்படி வழக்குப் போடலாமா?"

உங்கள் தாத்தா கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. 1954 வரை பாகூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த வாய்க்கால் நிஜமாகவே நாட்டின் எல்லையைத் தாண்டி ஓடியது. இன்று தாண்டுவது மாநில எல்லையை மட்டுமே. ஐ.நா.வின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை நாடுகளுக்கு இடையிலான ஆறுகளுக்கு உரியது. அதிலும் இந்தியா சேரவில்லை. வாக்கெடுப்பிலேயே ஒதுங்கி நின்றது.

ஆனால் சர்வதேசச் சட்டத்தின் சாரம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நாடுகளுக்கு இடையிலான ஆறுகளுக்கென 1966இல் சட்ட வல்லுநர்கள் வகுத்த ஹெல்சிங்கி விதிகள் சொல்லும் நியாயப் பங்கீட்டைக் கையில் எடுத்தது. ஆறு என் மண்ணில் பிறந்தது என்று மேல்மடைக்காரர் உரிமை கொண்டாட முடியாது. பாட்டன் காலத்து அளவு குறையவே கூடாது என்று கடைமடைக்காரரும் அடம்பிடிக்க முடியாது. நடுவர் மன்றம் கொடுத்த 419 டிஎம்சி தமிழகத்துக்கு 404.25 ஆகக் குறைந்தது அப்படித்தான். புதுச்சேரியின் 7 டிஎம்சி அப்படியே நின்றது.

பங்கு கேட்டு நீங்கள் நேரடியாக வழக்காட முடியாது. 1956ஆம் ஆண்டு மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுகள் சட்டப்படி முறையிட வேண்டியது அரசு. பங்கீட்டு வழக்கை நீதிமன்றங்கள் விசாரிக்கவும் தடை உண்டு. எனினும் 1983இல் தமிழக விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் போனதால்தான், 1990இல் காவிரி நடுவர் மன்றத்தை அமைக்கும்படி உத்தரவு பிறந்தது. பங்கைப் பிரித்துக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை, பிரிப்பதற்கு மன்றம் அமை என்றார்கள். வித்தியாசம் நுட்பமானது, வென்றதும் அதனால்தான்.

உங்கள் பிரச்சினை பங்கீடுதானா என்பதே எனக்குச் சந்தேகம். ஆற்றில் தண்ணீர் ஓடியும் ஏரிக்கு வரவில்லை என்றால், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், மதகு பழுதாகியிருக்கலாம், கரை ஆக்கிரமிக்கப்பட்டிருக்கலாம். இவை நதிநீர்த் தகராறு ஆகா; அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நல்லவேளையாக இரு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். அதற்கு முன், தண்ணீர் திறந்த நாள்களையும் அளவையும் கேட்டு இரு அரசுகளின் பாசனத் துறைகளுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக மனுப் போடுங்கள். இரண்டு பதில்களும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. வழக்கறிஞருக்கு வேண்டியது அதுதான்.