நர்சிங் மாணவர்களுக்கு உடலியங்கியலை எங்கிருந்து தொடங்கி நடத்தலாம்?

கேள்வி: முதலாண்டு நர்சிங் வகுப்புக்கு உடலியங்கியல் (பிசியாலஜி) எடுக்கப் போகிறேன். மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகாமல் இருக்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: செல்லிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிப் பட்டவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு நர்சிங் கல்லூரியில் பதினோரு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். முதல் வருடம் புத்தக வரிசையிலேயே போனேன்: செல், செல் சவ்வு, சோடியம், பொட்டாசியம். மூன்றாவது வாரமே பாதி வகுப்பு தூங்கிவிட்டது. முதல் தேர்வில் பாதிக்கு மேல் பெயில். இவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லையே என்று கொஞ்ச நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு பெண்கள் பின்பெஞ்சில் ஜூலுவில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டதைக் கவனித்தேன். என்னைவிட நன்றாகவே விளக்கினார்கள். சரி, கோளாறு மொழியில் இல்லை.

இப்போது தைப்பூசத்தில் தொடங்குகிறேன். இங்கே கல்வியாண்டு தொடங்கும்போதுதான் தைப்பூசமும் வரும், அதுவும் நல்ல கோடையில். 1860 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேத்திகள் வகுப்பில் சிலராவது இருப்பார்கள். பெரும்பாலும் தமிழ் பேச வராது, ஆனால் பாட்டியை ஆயா என்பார்கள், காவடிக்குத் தவறாமல் போவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கேட்பேன்: "விரதத்தோடு வெயிலில் அசையாமல் நிற்கிறவர் மயங்கி விழுகிறார். காவடி எடுத்து ஆடுகிறவர் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லையே, ஏன்?"

சாமி அருள் என்று ஒருத்தி சொல்வாள். நான் மறுப்பதில்லை. அருளோடு கெண்டைக்கால் தசையும் சேர்ந்துகொள்கிறது என்பேன். நாம் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்குகிறது. வெயில் தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது, விரதத்தில் உடம்பில் தண்ணீரும் குறைவு. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால் இதயம் வெளியே தள்ளுவதும் குறையும், மூளைக்குப் போதாது. ஆடுகிறவருக்கோ ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வு அதைக் கீழே இறங்க விடாது.

வால்வைக் காட்ட மாடல் வேண்டாம். பிரஷர் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டி 40 வரை ஏற்றினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் வழித்துவிடுங்கள். அடுத்த வால்வு வரைக்கும் சிரை காலியாகவே கிடக்கும், மேலேயிருந்து ரத்தம் இறங்காது. முதல் விரலை எடுத்தால் கீழேயிருந்து உடனே நிரம்பும். 1628-இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனைதான் இது.

ஒரு வருடம் இது முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "ஆயா மயங்கியபோது மாமா தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாரே" என்றாள். படுக்க வைத்துக் காலை உயர்த்தியிருக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதலுதவிப் பாடத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அடுத்து கேப் டவுன். 1967 டிசம்பர் 3, குரூட் ஷூர் மருத்துவமனை, கிறிஸ்டியான் பர்னார்ட் என்ற அறுவை மருத்துவர் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்திய முதல் இதய மாற்று. பள்ளியிலேயே கேட்ட கதைதான். "மாற்றி வைத்த இதயத்துக்கு நரம்பு இணைப்பு கிடையாது. அப்புறம் அதைத் துடிக்கச் சொன்னது யார்?" என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் முடிச்சு இதயத்திலேயே இருக்கிறது, அது யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. ஓய்விலும் அந்த இதயம் 90, 100 என்று ஓடும். தன் பல்ஸை எண்ணச் சொன்னால் 70 சொச்சம் வரும். அப்படியென்றால் நம் இதயத்தில் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள்! மூளையிலிருந்து வந்து இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அறிமுகமாவது அங்கேதான். அட்ரோபின் அந்த பிரேக்கை எடுக்கும் மருந்து. மாற்று இதயத்தில் அது ஏன் பலிப்பதில்லை என்று நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

மூச்சு எண்ணிக்கை தனி வயிற்றெரிச்சல். நான் வேலை பார்த்த வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் நிமிடத்துக்கு 20, எண்ணாமலே எழுதியது. சுகர் முற்றி ரத்தம் அமிலமானவர் ஏன் ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறார், கரியமில வாயுவை வெளியே தள்ளி எதைச் சமாளிக்கப் பார்க்கிறார் என்று புரிந்தவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறாள். மற்றவள் 20 போடுகிறாள்.

செல் சவ்வு கடைசியில்தான், டிரிப்ஸ் ஏற்றக் கற்கும் வாரத்தில். வெறும் தண்ணீரைச் சிரையில் ஏற்றினால் அது சவ்வு வழியே உள்ளே புகுந்து சிவப்பணு ஊதி வெடிக்கும், அதனால்தான் 0.9 சதவீத உப்பு. அன்றைக்கு மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி மேஜைமேல் வைத்துவிடுவேன். வகுப்பு முடிவதற்குள் தட்டில் தண்ணீர் நிற்கும். மாங்காய் நிற்பதில்லை. மிளகாய்த்தூள் யார் கொண்டு வருகிறார்கள் என்று நான் விசாரித்ததும் இல்லை.