சிம்பல் இல்லாத டிரம்ஸ்

கேள்வி: பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தின் (1980) முதல் பாட்டில் டிரம்ஸ் இடிபோல் விழுந்து சட்டென்று அறுபடுகிறதே, எப்படி? வீட்டில் முயன்றால் இரைச்சல்தான் மிஞ்சுகிறது.

பதில்: வாசித்தவர் ஃபில் காலின்ஸ், ஒலிப்பதிவு ஹ்யூ பாட்ஜம். அறைக்குள் இருப்பவர்கள் பேசுவது கேட்கவென்று தொங்கவிட்ட மைக்கில் முரட்டுத்தனமான கம்ப்ரெஸ்ஸர் (உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டுவரும் கருவி) ஒன்று இருந்தது. அது பிழிந்து தந்த டிரம்ஸ் ஒலியை நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அதை அடைத்துவிடும் கருவி) கொண்டு வெட்டினார்கள், அவ்வளவுதான்.

கம்பளம் இல்லாத, எதிரொலிக்கும் அறை வேண்டும். டிரம்ஸிலிருந்து 2-3 மீட்டர் தள்ளி ஒரு மைக் வையுங்கள். கம்ப்ரெஸ்ஸரின் அழுத்தும் விகிதம் 10:1 அல்லது அதற்கு மேல். கேட் அதற்குப் பிறகுதான். கேட்டைத் திறக்கும் சமிக்ஞையை ஸ்நேர் (சுளீரென்று ஒலிக்கும் டிரம்) அருகிலுள்ள மைக்கிலிருந்து கொடுங்கள். ஹோல்ட் (கேட் திறந்தே இருக்கும் நேரம்) 200-300 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அது மூட எடுக்கும் நேரம்) மிகக் குறைவு. வேகமான பாட்டென்றால் ஹோல்டையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட் மூடுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும்.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம் அநேகமாக சிம்பல்தான் (டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டு). நீண்டு ஒலிக்கும் உலோகச் சத்தத்தைக் கம்ப்ரெஸ்ஸர் மேலே இழுத்துவிடும், கேட் அதை அசிங்கமாக நறுக்கும். கேப்ரியல் இந்த ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று தடுத்திருந்தார். பாதி வெற்றி அந்தப் பிடிவாதத்துக்கே சேரும்!

கேள்வி: அமெரிக்காவில் இந்த ஆல்பத்தை நிராகரித்தார்களாமே?

பதில்: ஆம், அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம். பிறகு மெர்குரி வெளியிட்டது. பிரிட்டனில் முதலிடம்.